புட்டு என்றால் ஓடு

என் தம்பி தனஞ்சயன் அமெரிக்காவுக்குப் படிக்கப் போனதாகத்தான் அம்மா ஒஸ்லோ முழுக்கச் சொல்லித் திரிந்தார். அவன் போனது பந்து எறிய. காலால் உதைக்கிற பந்து அல்ல. தலைக்கவசம் போட்டு ஆளையாள் இடித்து விழுத்துகிற அமெரிக்கன் ஃபுட்பால். ஒஸ்லோ ஓரத்து ஹவுகன்ஸ்டுவா மாடிவீட்டில் வளர்ந்த மெலிந்த பெடியன், அங்கே கல்லூரி அணியின் குவாட்டர்பேக்! பந்து முதலில் அவன் கைக்குத்தான் வரும். எறிவதா ஓடுவதா என்று முடிவெடுப்பவனும் அவன்தான்.

எதிரணி நிற்கிற விதத்தைப் பார்த்து, கடைசி நொடியில் ஒரு சொல்லைக் கத்தித் திட்டத்தை மாற்ற வேண்டும். மற்ற அணிகள் அந்தச் சொற்களைக் கண்டுபிடித்துவிடும். இவன் என்ன செய்தான் தெரியுமா? புட்டு என்றால் ஓடு, இடியப்பம் என்றால் தூர எறி. மலை மாதிரி அமெரிக்கர்கள் புட்டுக்குப் பாய்வதை இணையத்தில் பார்த்து வாயைப் பிளந்தேன். ஒருவருக்கும் பிடிபடவில்லை.

கடைசி வருட இறுதிப் போட்டியில் தோள் கிழிந்தது. வெற்றிக் கிண்ணமும் போனது, எறிகிற கையும் போனது. வேறு ஆளென்றால் மூலையில் குந்தியிருப்பான். இவன் ஒஸ்லோவுக்குத் திரும்பி வந்து, பகலில் பஸ் ஓட்டிக்கொண்டு, மாலையில் அதே விளையாட்டில் ஒரு பெண்கள் அணிக்குப் பயிற்சியாளராகி, அதே சொற்களைச் சொல்லிக்கொடுத்தான். ஒரு கிண்ணமாவது எடுக்காமல் விடமாட்டேன் என்றான்.

போன கோடையில் அந்த அணி இறுதிப் போட்டிக்கு வந்தது. அவனுடைய குவாட்டர்பேக் யோசெப்பின், நோர்வேஜியப் பிள்ளை, "புட்டு!" என்று கத்தினாள். எதிரணியில் ஒருத்தி முதல் இரண்டு தரம் காதைக் கொடுத்துக் கேட்டாள்; மூன்றாம் தரம் புட்டு என்றதும் தன் ஆட்களை முன்னுக்கு இழுத்தாள். "இடியப்பம்!" என்றதும் பின்னுக்கு அனுப்பினாள். அவள் சட்டை முதுகில் பெயரைப் பார்த்தேன்: யதுர்ஷா.

பேயன்! குறொன்லாண்ட் கடைத்தெருவில் கடைக்குக் கடை புட்டுமா விற்கிற ஊரில் புட்டை ரகசியமாக்கி வைத்திருக்கிறான்.

இடைவேளையில் வேலியடிக்கு ஓடினேன். "டேய், அவள் தமிழ்ப் பிள்ளையடா!"

"ஓம் அக்கா, கண்டனான். நான்தான் பிழை விட்டனான். இப்ப புதுசாச் சொல்லிக்குடுக்க நேரமில்லை." முகம் செத்துப்போயிருந்தது.

அதன்பிறகு சொல் ஒன்றுமில்லாமல் இடிபட்டே விளையாடினார்கள். கடைசி எறிதலில் பந்து பிடிபட்டால் வெற்றி, இல்லாவிட்டால் கிண்ணம் மறுபடியும் போச்சு. யோசெப்பின் எதிரணியை நிதானமாகப் பார்த்தாள். பிறகு கத்தினாள்: "சம்பல்!"

யதுர்ஷா திகைத்து நின்றாள். என் தம்பியும்தான். பந்து எல்லார் தலைக்கும் மேலால் போய், புள்ளிக் கோட்டைத் தாண்டி ஓடிய எங்கள் அணி எம்மாவின் கைகளில் விழுந்தது.

நான் தொண்டை கிழியக் கத்தினேன். அவன் அழுதுகொண்டு நின்றான்.

"சம்பல் நான் சொல்லிக்குடுக்கேல்லை, அக்கா. பிள்ளையள் தங்களுக்குள்ளை கதைச்சு வைச்சிருக்கினம். எனக்கே விளங்கேல்லை, எனக்கே விளங்கேல்லை!"