சிங்கம் வரைக்கும் நடந்தோம்

ஈப்போவிலிருந்து சித்தியைப் பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கடற்கரையைச் சுற்றிக்காட்டும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தபோது நான் நான்காம் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தேன். அதற்கு என்னைவிடத் தகுதியான ஆள் எங்கள் தேக்கா வட்டாரத்திலேயே கிடையாது என்பது என் எண்ணம். ஞாயிற்றுக்கிழமை மாலைகளில் அப்பா எங்கள் எல்லோரையும் எஸ்பிளனேடுக்கு அழைத்துப் போவார். கடலோர நடைபாதையில் எந்த இடத்தில் காற்று அதிகம், எந்தக் கச்சான்காரர் ஒரு கை கடலை கூடுதலாகப் போடுவார் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம்.

சித்தி அம்மாவின் தங்கை. பஃபலோ ரோட்டில் எங்கள் வீட்டில்தான் இருந்தார். தமிழ்ப் பள்ளிக்கூடம் ஒன்றில் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தார். சிறு வயதில் வந்த காய்ச்சலில் அவருடைய இடது கால் சற்றுச் சூம்பிப்போயிருந்தது. நடக்கும்போது ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்வார். எனக்கு அது சித்தியின் நடை, அவ்வளவுதான். சந்தைக் கூட்டத்தில் அவரைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க வசதியாகக்கூட இருந்தது.

கால் விஷயத்தை அப்பா முன்கூட்டியே சொல்லி அனுப்பியிருந்தார். அதற்குப் பிறகும் அவர்கள் வந்தார்கள் என்பதில் அம்மாவுக்கு ஏகப்பட்ட மகிழ்ச்சி. மாப்பிள்ளையும் அவருடைய அம்மாவும் மட்டும்தான் வந்திருந்தார்கள். கேசரி சாப்பிட்டு, காப்பி குடித்து, ஊர்க்கதை பேசி முடித்த பிறகு மாப்பிள்ளையின் அம்மா கைக்குட்டையால் வாயைத் துடைத்துக்கொண்டு, “இங்க கடற்கரை ரொம்ப நல்லா இருக்குமாமே. எல்லாருமா காலாற நடந்துட்டு வரலாமா?” என்று கேட்டார்.

அப்பா அம்மாவைப் பார்த்தார். அம்மா தரையைப் பார்த்தார். “டாக்சியில ஒரு சுத்து சுத்திக் காட்டிடுறேனே” என்றார் அப்பா.

“டாக்சி எதுக்குங்க? நடந்து பாத்தாத்தானே பாத்த மாதிரி இருக்கும்.”

அடுப்படியில் அம்மா சித்தியின் கையைப் பிடித்துக்கொண்டார். “வேணாம்டி. தலைவலின்னு சொல்லிடு. நான் பாத்துக்கிறேன்.”

சித்தி கையை மெல்ல விடுவித்துக்கொண்டார். புடவைக் கொசுவத்தை உதறிச் சரியாகச் செருகினார். பிறகு என்னை அருகில் இழுத்து, “இந்தாம்மா, நமக்குத் தெரிஞ்ச இடம் ஒண்ணு விடாம அவங்களுக்குக் காட்டணும். காட்டுவியா?” என்று கேட்டார். என் தலை பெருமையில் நிமிர்ந்து நின்றதை இப்போதும் உணர முடிகிறது.

தம்பிப் பாப்பாவோடு அம்மா வீட்டில் இருந்துகொண்டார். மற்ற ஐந்து பேரும் எஸ்பிளனேடு வரை டாக்சியில் போய் இறங்கினோம். கடல் அன்று என்னை ஏமாற்றவில்லை. கப்பல்கள் வெளியே நிறைய நின்றன. சரக்கேற்றிய தொங்காங் படகுகள் வரிசையாக ஆற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தன.

“ஈப்போல கடல் இருக்கா?” என்று மாப்பிள்ளையின் அம்மாவிடம் கேட்டேன்.

“இல்லம்மா. மலை இருக்கு.”

“பரவால்ல” என்றேன் பெருந்தன்மையாக.

முதலில் மணிக்கூண்டு. அப்புறம் கறுப்பு யானைச் சிலை. சயாம் ராஜா கொடுத்தது, உள்ளே பொன் இருக்கிறது என்றேன். பொன் என் சொந்தச் சரக்கு. அடுத்து ஆற்றின் மேலிருக்கும் இரும்புப் பாலம். மாடும் குதிரையும் போகக்கூடாது என்று அங்கே தொங்கும் பலகையை ஆங்கிலத்தில் உரக்க வாசித்துக் காட்டினேன். அதைத் தாண்டிப் படகுத்துறை. தீவுகளுக்குப் போகும் படகுகளையெல்லாம் காட்டிவிட்டு, வந்த வழியே திரும்பினோம். நான் முன்னால், என் பின்னால் சித்தி, அவருக்குப் பக்கத்தில் அப்பாவும் மாப்பிள்ளையின் அம்மாவும். மாப்பிள்ளை மட்டும் எல்லோருக்கும் பின்னால் வந்தார். நான் எதைக் காட்டினாலும் அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. கடலையும் பார்க்கவில்லை, கப்பலையும் பார்க்கவில்லை. பார்வை கீழேயே இருந்தது.

எனக்குப் பாவமாகப் போய்விட்டது. நின்று, “மாமா, எதையாவது தொலைச்சிட்டீங்களா? நானும் தேடட்டுமா?” என்று கேட்டேன்.

மாப்பிள்ளையின் முகம் சிவந்தது. அவருடைய அம்மா திடீரென்று கடல் காற்றைப் புகழத் தொடங்கினார். அப்பா இருமினார். சித்தி மட்டும் சிரித்தார். வாயைப் பொத்திக்கொள்ளாமல், நடைபாதையில் போன ஒரு சீனத் தாத்தா திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டுச் சிரித்தார்.

“போதும்மா, வீட்டுக்குப் போயிடலாம். இருட்டப்போகுது” என்றார் அப்பா.

“சிங்கத்தை இன்னும் காட்டலயே!” என்று கத்தினேன் நான்.

“ஆமா மாமா” என்றார் சித்தி அப்பாவிடம். “இவ்வளவு தூரம் வந்தவங்க மெர்டேக்கா பாலத்துச் சிங்கத்தைப் பாக்காம போனா எப்படி?”

எஸ்பிளனேடிலிருந்து அந்தப் பாலம் கிட்டத்தில் இல்லை. கடலையொட்டிப் போகும் நெடுஞ்சாலையில் வெகுதூரம் போகவேண்டும். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கார்கள், நடுவில் சாலையோரமாக நாங்கள். வெயில் சாய்ந்திருந்தாலும் சூடு இறங்கவில்லை. சித்தியின் ரவிக்கை முதுகில் ஒட்டிக்கொண்டது. அவர் மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது. ஆனால் தலை குனியவில்லை, நடை குறையவில்லை. சாய்ந்து நிமிர்ந்து, சாய்ந்து நிமிர்ந்து, கடலைப் பார்த்தபடியே போனார். “இன்னுமா இருக்கு?” என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்கும்போதெல்லாம், “இதோ, வந்திடுச்சுலா” என்று நான் பொய் சொன்னேன்.

சிங்கம் வந்தது. பாலத்தின் முனையில் கம்பீரமாக உட்கார்ந்திருந்த கற்சிங்கம். பாலத்தை அரசாங்கமும் சிங்கத்தை நானும் கட்டியதுபோலத்தான் நான் கையை நீட்டினேன். மாப்பிள்ளையின் அம்மா சிங்கத்தைப் பார்க்கவேயில்லை. அதன் பீடத்தடியில் தொப்பென்று உட்கார்ந்து செருப்பைக் கழற்றினார். குதிகால் கொப்புளித்திருந்தது. சித்தி அவருக்கு எதிரே நின்றார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு, மிக மரியாதையாக, “வாங்கம்மா, பாலத்தோட அந்தப் பக்கம் இன்னொரு சிங்கம் இருக்கு” என்றார்.

“வேணாம்மா, வேணாம்” என்று அவர் இரண்டு கைகளையும் ஆட்டினார். அப்பா டாக்சியை நிறுத்த ஓடினார். அவர் தோள் குலுங்கியதைப் பார்த்து, அவருக்கும் களைப்புதான் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா தைலம் எடுத்து வந்து சித்தியின் காலைத் தேய்த்துவிட்டார். கணுக்கால் வீங்கியிருந்தது. அம்மா திட்டிக்கொண்டே அழுதார்.

“வலிக்குதா சித்தி?” என்று கேட்டேன்.

“வலிக்குது. ஆனா நான் எங்கயுமே உக்காரலயே, பாத்தியா?” என்றார். பள்ளிக்கூடத்தில் முதல் பரிசு வாங்கிய பிள்ளையின் முகம் அப்படித்தான் இருக்கும்.

அடுத்த வாரம் ஈப்போவிலிருந்து சம்மதம் வந்தது. பெண்ணை ரொம்பப் பிடித்துவிட்டதாம். அம்மா சாமி படத்துக்கு முன் போய் நின்றார். பிள்ளைகளின் சிலேட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்த சித்தி நிமிராமலே, “எனக்கு வேணாம் மாமா” என்றார். அம்மா எவ்வளவோ கெஞ்சினார். அப்பா மட்டும் ஏன் என்று கேட்கவில்லை. “சரிம்மா” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார்.

எனக்குத்தான் தாங்கவில்லை. நான் சரியாகச் சுற்றிக்காட்டாததால்தான் எல்லாம் கெட்டுப்போயிற்று என்று தேம்பினேன். சித்தி என்னை மடியில் இழுத்துக்கொண்டார்.

“நீ ரொம்ப நல்லா காட்டினே. பாக்க வேண்டியதை எல்லாம் நான் பாத்துட்டேன்” என்றார்.

நான் அழுகையை நிறுத்தி யோசித்தேன். அந்த மணிக்கூண்டு, யானை, படகுத்துறை எல்லாம் சித்தி எங்களோடு ஞாயிறு தவறாமல் பார்த்தவைதானே. அன்றைக்கு மட்டும் புதிதாக எதைப் பார்த்திருப்பார் என்று எவ்வளவு யோசித்தும் எனக்கு விளங்கவில்லை.