எட்டுத் துளைகள்

இரண்டாவது மதர்போர்டையும் அவர் உறை பிரிக்காமல் திருப்பிக் கொண்டுவந்து கடை மேசைமேல் வைத்தார். கம்ப்யூட்டர் கடைக்காரர் போர்டைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்களைத் தேய்த்துக்கொண்டார்.

“இதுவும் சேரலையாண்ணே?”

சேரவில்லை. திருகு மாட்டும் எட்டுத் துளைகளில் இரண்டுதான் ஒத்துவருகின்றன, மற்ற ஆறும் எங்கேயோ போகின்றன என்றார்.

“போன வாரம் திருப்பிக் குடுத்தது ஒரு கம்பெனி, இது ஒரு கம்பெனி. எல்லாக் கம்பெனியும் ஒண்ணு சேர்ந்து உங்க ஒரு கம்ப்யூட்டர் பெட்டிக்கு எதிரா வேலை பார்க்குதா?”

அவர் சிரிக்கவில்லை.

தெருவில் அவரை ஸ்டிக்கர் என்றுதான் சொல்வார்கள். கடைகளின் கண்ணாடிக் கதவுகளுக்கும் வண்டிகளுக்கும் எழுத்து வெட்டி ஒட்டுவது இருபத்திரண்டு வருடத் தொழில். முதல் பதினோரு வருடம் கத்தியால் வெட்டினார். பிறகு பழையதாக ஒரு வெட்டும் மெஷின் வாங்கி முன்னறையில் வைத்தார். அது ஒன்பது முள் கேபிள் ஒன்றின் வழியாகத்தான் கம்ப்யூட்டர் சொல்வதைக் கேட்கும். மூன்று வாரத்துக்கு முன் கம்ப்யூட்டரின் போர்டு கருகியது. அந்த ஒன்பது முள்ளுக்கு இடம் வைத்த போர்டு இப்போது தேடினால்தான் கிடைக்கும். நடுவில் ஒரு கன்வெர்ட்டரைச் செருகி மைத்துனனின் லேப்டாப்பில் ஓட்டிப் பார்த்தார். ‘பல் மருத்துவமனை’ என்று கொடுத்தால், மெஷின் ‘பல்’ வரைக்கும் வெட்டிவிட்டு யோசிக்க ஆரம்பித்தது.

மைத்துனன் என்றால் மனைவியின் தம்பி. பெரிய பேனர் கடை வைத்திருப்பவன். அந்த மெஷினைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு என் கடையில் வந்து உட்காருங்கள் என்று இரண்டு வருடமாகக் குடைந்துகொண்டிருந்தான். போன ஞாயிற்றுக்கிழமை எரிச்சல் தாங்காமல் இவர் வாயை விட்டுவிட்டார். வருகிற சனிக்கிழமைக்குள் மெஷின் ஓடவில்லை என்றால் திங்கள்கிழமை காலை உன் கடையில் இருப்பேன் என்றார். மனைவி பக்கத்தில்தான் இருந்தாள். இன்று வெள்ளிக்கிழமை.

உறை பிரித்த பொருளைத் திரும்ப எடுக்கமாட்டோம் என்று கடைச் சுவரில் கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அந்த எழுத்தை வெட்டிக் கொடுத்தவரே இவர்தான். ஆகவே இவரால் போர்டை வெளியே எடுத்து வைத்துப் பார்க்க முடியாது. கடைக்காரர் அச்செடுத்துக் கொடுத்த அளவுப் படத்தைப் பார்த்து, ஸ்டிக்கர் தாளில் போர்டை அதே அளவில் வரைந்து, கத்தியால் எட்டுத் துளை போட்டு, கம்ப்யூட்டர் பெட்டிக்குள் வைத்துப் பார்த்தார். எந்தப் பக்கமாகச் சுழற்றி வைத்தாலும் இரண்டு துளைக்கு மேல் சேரவில்லை. அடுத்த போர்டுக்கும் புதிதாக ஒன்று வரைந்தார். அதே கதை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாருங்கள், நானே மாட்டித் தருகிறேன் என்று கடைக்காரர் சொல்லிப் பார்த்தார். அது இவருக்குச் சுருக்கென்றது.

“அளவெடுத்துப் பொழைக்கிறவன் தம்பி நான். எனக்கே அளவு சொல்லித் தரியா?”

கடைக்காரர் பெருமூச்சு விட்டார். போன வாரத்துப் போர்டு மறுநாளே விற்றுவிட்டது, கையில் இருப்பது இது ஒன்றுதான், லாரி எடைமேடைக்காரர் ஒருவரும் ஒன்பது முள் வேண்டும் என்று காலையிலேயே கேட்டுவிட்டுப் போனார், கொடுத்துவிடட்டுமா என்றார். தாராளமாகக் கொடு என்று சொல்லிவிட்டு இவர் படியிறங்கினார்.

வீட்டில் மைத்துனன் வந்து உட்கார்ந்திருந்தான்.

“ஃபேனுக்கு நேரா உங்களுக்கு நாற்காலி போட்டாச்சு மாமா. வந்து சும்மா மேற்பார்வை பார்த்தாப் போதும்.”

சும்மா என்ற வார்த்தை இவர் காதிலேயே நின்றது. செருப்பைக் கழற்றக் குனிந்தார். மனைவி முன்னறையைப் பெருக்கிக்கொண்டிருந்தாள். வெட்டிய எழுத்துகளின் நடுவே தங்கும் துணுக்குகளை ஊசியால் எடுப்பது அவள் வேலை. மூன்று வாரமாக ஊசிக்கு வேலையில்லை. திறந்து கிடந்த கம்ப்யூட்டர் பெட்டியை நகர்த்தியவள், உள்ளே இருந்த, துளை போட்ட ஸ்டிக்கர் தாளை எடுத்தாள். முன்பக்கம் பார்த்தாள். பின்பக்கம் பென்சில் கோடுகளைப் பார்த்தாள்.

“இதை எந்தப் பக்கம் வரைஞ்சீங்க?”

“பின்பக்கம்தான். ஸ்டிக்கர் மேல பென்சில் எங்க பிடிக்குது?”

“படத்துல இருந்த மாதிரியேவா?”

அவர் கை செருப்பின்மேல் நின்றது.

கத்தியால் வெட்டுகிறவர்கள் எல்லாரும் பின்தாளில்தான் வரைவார்கள். இடவலம் மாற்றி வரைய வேண்டும், திருப்பினால் நேராக வரும். எழுத்தாக இருந்தால் அவர் கை தானே மாற்றிக்கொள்ளும், தூக்கத்தில்கூடத் தப்பாது. துளைக்கு அது தோன்றவில்லை. படத்தைப் பார்த்து அப்படியே வரைந்து, முன்பக்கம் மேலே வரத் திருப்பி வைத்திருந்தார், இரண்டு தடவையும். உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் சரியாகத்தான் செய்திருந்தன.

என்ன ஆச்சு, என்ன ஆச்சு என்று மைத்துனன் கேட்டான்.

“உன் வண்டிச் சாவியைக் குடு,” என்றார் அவனிடம்.

கடையில் போர்டு மேசைமேலேயே இருந்தது, எடைமேடைக்காரர் பெயரெழுதிய சீட்டு ஒட்டப்பட்டு. அதையே கொடு என்றார். ஏன் என்று கடைக்காரர் கேட்டார். வேறு வழியில்லாமல் இவர் முழுவதையும் சொன்னார். பின்தாளில் வரைந்ததை, மாற்ற மறந்ததை, அளவெடுத்துப் பிழைப்பவன் என்று பேசியதை. கடைக்காரர் சிரித்திருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். அவர் சிரிக்கவில்லை.

“வாக்குக் குடுத்துட்டேனே அண்ணே. அவர் ஏழு மணிக்கு வர்றேன்னார்.”

இவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறே முக்கால். மேசையோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். எடைமேடைக்காரர் ஏழு மணிக்கு வரவில்லை. ஏழே காலுக்கும் வரவில்லை. ஏழரைக்குக் கடைக்காரர் போன் செய்தார். வேறு கடையில் வாங்கியாகிவிட்டது, சொல்ல மறந்துவிட்டேன் என்றார் அந்த ஆள். கடைக்காரர் சீட்டைக் கிழித்தார். இவர் அங்கேயே, சுவரில் தாம் வெட்டிய எழுத்துக்குக் கீழே, உறையைப் பிரித்தார்.

மறுநாள் சனிக்கிழமை. காலை எட்டரைக்குப் போர்டை மாட்டினார். எட்டுத் துளையும் சேர்ந்தன. புரோகிராம்களை ஏற்ற மத்தியானம் ஆனது. இரண்டு மணிக்கு மெஷின் ‘பல் மருத்துவமனை’யை முழுவதும் வெட்டியது. மனைவி துணுக்குகளை எடுத்தாள். நான்கு மணிக்கு மைத்துனன் வண்டியை எடுத்துப்போக வந்தான். மெஷின் சத்தத்தில் அவன் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. ஐந்து மணிக்கு அவர் போய்ப் பல் டாக்டரின் கதவில் எழுத்தை ஒட்டிவிட்டு வந்து, மத்தியானச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்.