வலது காதில் தண்ணீர்

அவசர உதவி எண்ணில் பதினோரு வருஷம் பேசியவர் அவர். தீப்பிடித்த வீடு, பிரசவ வலி, கிணற்றில் விழுந்த ஆள் என்று எது வந்தாலும் அவர் குரல் ஒரே சீராகத்தான் இருக்கும். "பதறாதீங்க, நான் லைன்லதான் இருக்கேன்" என்று அவர் சொன்னதும், மறுமுனையில் தேம்புகிறவர் ஒரு மூச்சு விடுவார். அலுவலகத்தில் அவருக்கு நிதானம் என்றே பெயர் விழுந்துவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் வருகைப் பதிவேட்டில் மட்டும் சும்மா கிடந்தது.

ஆறு கரையை உடைத்துக்கொண்டு ஊருக்குள் வந்த நாள், மத்தியானம் இரண்டு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள். பள்ளத் தெருவில் வீடு. தனியாக இருக்கிறாள். தண்ணீர் முழங்காலுக்கு வந்துவிட்டது. படகுகள் எல்லாம் வேறு பக்கம் போயிருந்தன. நிதானம் அவளை மேசைமேல் ஏறச் சொன்னார், பிறகு அலமாரிமேல். இருபத்திரண்டு நிமிஷம் பேசினார். கடைசியில் ஃபோனுக்கு வெகு அருகில் தண்ணீர் ஒரு குழந்தை போல முணுமுணுத்தது. அப்புறம் ஒன்றுமில்லை. முக்கால் மணி நேரம் கழித்துத்தான் படகு போய்ச் சேர்ந்தது. அவள் உயிரோடு இல்லை.

அவர் எழுந்துகூடப் போகவில்லை. அன்றைக்கு இன்னும் முப்பது அழைப்புகளை எடுத்தார். வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், தூங்கினார். மனுஷன் கல்லு மாதிரி இருக்கிறாரே என்று மனைவி ஆச்சரியப்பட்டாள்.

நாலாம் நாள் குளிக்கும்போது வலது காதில், ஹெட்செட் மாட்டுகிற காதில், தண்ணீர் போய்விட்டது. அப்படித்தான் அவர் நினைத்தார். தலையைச் சாய்த்து ஒற்றைக் காலில் குதித்துப் பார்த்தார். பஞ்சு வைத்தார். தண்ணீர் இறங்கவில்லை. ஒரு வாரத்தில் அந்தக் காது சுத்தமாகக் கேட்காமல் போயிற்று.

அதன்பிறகு உலகம் கொஞ்சம் தள்ளிப்போய் நின்றது. பேருந்து ஜன்னலுக்கு வெளியே மனிதர்கள் வாயைத் திறந்து மூடினார்கள், மீன்கள் போல. மரங்கள் மெதுவாக ஆடின. மருந்து வாங்கப் போனவர், எந்தத் தெரு என்றே தெரியாத ஒரு தெருவில், பூட்டிய கதவு ஒன்றைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் நின்றிருந்தார். குழாயில் தண்ணீர் சொட்டினால் எழுந்து ஓடினார். கைபேசியை அலமாரியில் மடித்த போர்வைகளுக்கு அடியில் புதைத்தார். நீண்ட விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

காது டாக்டர் எல்லாச் சோதனையும் செய்துவிட்டு, "காது பளிச்சுன்னு இருக்கு. நீங்க மனநல டாக்டரைப் பாருங்க" என்றார்.

"எனக்குப் பைத்தியம்னு சொல்றாரா?" என்று வாசலிலேயே சண்டைக்கு நின்றார் நிதானம்.

மனைவி மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். தயங்குகிற வாடிக்கையாளர்களைச் சமாளித்துப் பழகியவள். "பல்லு வலிச்சா பல் டாக்டர்கிட்ட வாயைத் திறக்கறீங்கல்ல? இங்கயும் வாயைத் திறந்தா போதும். வாங்க."

மனநல மருத்துவர் மாத்திரை எழுதினார். "இது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும். வேலை செய்ய மூணு நாலு வாரம் ஆகும், வாய் உலரும், பாதியில நிறுத்தாதீங்க. மிச்சத்தைப் பேசித்தான் தீர்க்கணும்." பேசுவதற்கு ஓர் உளவியலாளரிடம் அனுப்பினார்.

அந்த அம்மாளின் அறை ஒரு சைக்கிள் கடைக்கு மேலே இருந்தது. கீழே யாராவது மணியை அடித்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். சாம்பல் நிற நாற்காலி, ஒரு ஜன்னல், மேசையில் ஒலிப்பதிவுக் கருவி.

"நான் நடிக்கறேன்னு நினைக்கறீங்களா மேடம்?"

"இல்ல சார். உங்க காது கேக்குது. ஆனா இனிமே எதுவும் உள்ள வரக்கூடாதுன்னு மனசு கதவைச் சாத்திடுச்சு. நீங்க சொல்லி அது சாத்தல."

பிறகு அவர் செய்ய வேண்டிய வேலையைச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு, அந்த இருபத்திரண்டு நிமிஷத்தை இப்போது நடப்பது போலச் சொல்ல வேண்டும். பதிவு செய்ததை வீட்டில் தினமும் கேட்க வேண்டும்.

"அதை மறக்கத்தானே இங்க வந்தேன்?"

"மறக்கத்தான் இத்தனை நாள் பார்த்தீங்களே. மறந்துச்சா?"

முதல் தடவை நாலாவது வாக்கியத்தில் நாக்கு ஒட்டிக்கொண்டது. சட்டை நனைந்துபோயிற்று. இரண்டாவது தடவை கழிவறைக்கு ஓடி வாந்தி எடுத்தார். வீட்டில் பதிவைக் கேட்கும்போது மனைவி பக்கத்தில் துணி மடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஐந்தாவது தடவையில்தான் நெஞ்சில் கிடந்தது வெளியே வந்தது.

"நான்தான் கொன்னேன் மேடம். முதல்லயே வெளிய ஓடுன்னு சொல்லியிருந்தா பொழைச்சிருப்பா. மேசைமேல ஏறுன்னு சொன்னேன். எலியைப் பெட்டிக்குள்ள வச்ச மாதிரி."

அந்த அம்மாள் சமாதானம் சொல்லவில்லை. "மறுபடி முதல் நிமிஷத்துக்குப் போங்க. என்ன கேக்குது?" என்றார்.

ஏழாவது தடவை. கீழே சைக்கிள் மணி ஓயவில்லை. அவர் அரைத்தூக்கம் போன்ற ஓர் இடத்தில் மிதந்துகொண்டிருந்தார். மழை இரைச்சல் கேட்டது. அவள் இருமல் கேட்டது. அதற்கு முன்னால்...

"கதவு திறக்கல சார்னு சொன்னா. தள்ளிப் பார்த்துட்டேன், வெளிய ஏதோ அடைச்சிருக்கு, ஜன்னல்ல கம்பின்னு சொன்னா." கண்ணைத் திறந்தார். "இத எப்படி மறந்தேன்?"

"தப்பு நம்மளோடதுன்னு இருந்தா, அடுத்த தடவை சரியாச் செஞ்சுடலாம்னு மனசுக்கு ஒரு பிடி கிடைக்கும் சார். யார் கையிலயும் இல்லன்னா அதைவிடப் பயம்."

ஆனாலும் அவருக்குச் சந்தேகம். தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே இதைக் கட்டிவிட்டேனோ? அந்த அழைப்பின் பதிவு அலுவலகத்தில் இருந்தது. கேட்டே ஆக வேண்டும் என்றார். உளவியலாளர் யோசித்து, இரண்டு வாரம் அவரைத் தயார்ப்படுத்தி, பிறகு சம்மதித்தார்.

அலுவலகத்தில் மேற்பார்வையாளர் கதவைச் சாத்தி, நாற்காலியைப் பக்கத்தில் இழுத்துப்போட்டுக்கொண்டார். மனைவி மறுபக்கம். முதல் நிமிஷத்திலேயே அந்த வார்த்தைகள் இருந்தன: "கதவு திறக்கல சார்." நிதானம் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

பதினாறாம் நிமிஷத்தில் அவருக்கு நினைவே இல்லாத ஒன்று வந்தது.

"சார், ஏதாவது பேசுங்களேன். உங்க வீட்டுக்காரங்க என்ன பண்றாங்க?"

அவருடைய குரல், அதே நிதானத்தோடு: "கண்ணாடிக் கடையில இருக்காம்மா. நேத்து ஒரு பெரியவர் வந்தாராம். புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டுத் தன் மூஞ்சியைப் பார்த்துட்டு, அய்யய்யோ, இவ்வளவு வயசாயிடுச்சா எனக்கு, பழைய கண்ணாடியே கொடுங்கன்னுட்டாராம்."

மறுமுனையில் அவள் சிரித்தாள். சின்னச் சிரிப்பில்லை. மூச்சு வாங்கி, இருமி, மறுபடி சிரித்த சிரிப்பு. அலமாரிமேல் குந்திக்கொண்டு, சுற்றிலும் தண்ணீர் ஏறிக்கொண்டிருக்க.

மனைவி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "அதை நான்தாங்க உங்ககிட்ட சொன்னேன்." அவர் அழுததும் அப்போதுதான், எட்டு மாதத்தில் முதல் தடவையாக.

காது ஒரே நாளில் திறந்துவிடவில்லை. ஒருநாள் வலது பக்கத்தில் பூச்சி ரீங்கரிப்பது போல இருந்தது. இன்னொரு நாள் மனைவி அந்தப் பக்கம் நின்று முணுமுணுத்துத் திட்டியது தெளிவாகக் கேட்டது. "என்னது, சோம்பேறியா?" என்று அவர் திரும்ப, அவள் திட்டியதையே மறந்து அவர் தலையைப் பிடித்துக்கொண்டாள். மாத்திரையை மருத்துவர் சிறுகச் சிறுகக் குறைத்தார்.

ஒரு வருஷம் ஆனதும் காலை நேர வேலைக்கு மட்டும் திரும்பினார். ஹெட்செட்டை வலது காதில் மாட்டிக்கொண்டார். முதல் அழைப்பில் ஒரு ஆள் மூச்சிரைக்கக் கத்தினார்: கார் எஞ்சினுக்குள் பூனை மாட்டிக்கொண்டதாம், அலுவலகத்துக்கு நேரமாகிறதாம். நிதானம் தொண்டையைச் செருமினார். "பதறாதீங்க, முதல்ல வண்டியை ஆஃப் பண்ணுங்க. பூனை என்ன கலர்?" என்றார். பக்கத்து மேசைக்காரர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

கனத்த மழை நாட்களில் அவர் இன்னும் வேலை செய்வதில்லை. "இன்னிக்கு என்னால முடியாது" என்று மேற்பார்வையாளரிடம் நேராகச் சொல்லிவிடுவார். முன்பெல்லாம் அப்படி ஒரு வாக்கியம் அவர் வாயில் வந்ததே கிடையாது. பிறகு குடையை விரித்துக்கொண்டு, வீட்டுக்கு நடந்தே போவார்.