பேயைத் தேடி உள்ளே போனேன்

அம்மனை நம்பும் சகோதரிகளே, எனக்கு எழுதத் தெரியும், அழகாக எழுதத் தெரியாது. ஆடி மாதத்தில் அவள் எனக்குச் செய்ததை மூடி வைத்துக்கொண்டு இருக்க முடியவில்லை. அதனால் எழுதுகிறேன்.

ரப்பர் விலை விழுந்து, தோட்டத்து ஆட்களைக் கூட்டம் கூட்டமாகக் கப்பலேற்றிக் கடல் தாண்டிச் சொந்த ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்த வருஷம். நானும் என் புருஷன் வீராசாமியும் கிள்ளான் டவுனுக்கு வெளியே ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டிருந்தோம், பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற வேலை. யார் இருப்பது, யார் கப்பல் ஏறுவது என்று துரையிடம் பேர் சொல்கிறவன் கங்காணி. அந்தத் திமிரில், பெண்கள் தனியாக வெட்டும் மர வரிசைகளாக, நிரைகளாகப் பார்த்து வருவான். என் நிரைக்கும் வந்தான். பின்னாலிருந்து இடுப்பைப் பிடித்தான். என் கையில் பால் வாளி இருந்தது. திரும்பி முகத்திலேயே அடித்தேன். முன்பல் உடைந்தது. பாலும் ரத்தமுமாகச் சட்டையில் வழிய ஓடினான்.

அவன் துரையிடம் போகவில்லை. போனால் எதற்கு அடித்தாள் என்று கேள்வி வரும். நேராக, கூலிகள் வரிசையாகக் குடியிருக்கும் எங்கள் லயத்துக்கு வந்து, வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு, என் புருஷனிடம் இரக்கமாகப் பேசினான்.

"அஞ்சலை நல்ல பொண்ணு வீராசாமி. அது அடிக்கல. காத்தாயி உள்ள பூந்துகிட்டு அடிச்சிருக்கா. ஓட்டிட்டா சரியாயிடும். செலவ நான் பாத்துக்கிறேன்."

காத்தாயி போன வருஷம் அதே நிரையில் தூக்குப் போட்டுக்கொண்டவள். லயம் முழுக்க உடனே நம்பிவிட்டது. ஒரு பெண் சுயபுத்தியோடு கங்காணியை அடிப்பாள் என்று நம்புவதைவிட, பேய் அடித்தது என்று நம்புவது அவர்களுக்குச் சுலபமாக இருந்தது. குழாயடியில் கிண்டல் வேறு.

"பேய் புடிச்சா பலம் வருமாமே. நாளைக்கு என் நிரையையும் சேத்து வெட்டிடு அஞ்சலை," என்றாள் ஒருத்தி.

"பேய் இப்பத்தான் வந்துச்சு. இவ வாய் அதுக்கு முன்னாலயே இருந்துச்சு," என்றாள் இன்னொருத்தி.

அதெல்லாம் போகட்டும். நான் உடைந்துபோனது வேறு காரணத்தால். எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அவனை அடித்த பிறகும் என் கோபம் அடங்கவில்லை. சோறு இறங்கவில்லை. மரம் வெட்டும் உளியைத் தீட்டும்போதெல்லாம் அவன் கழுத்துதான் கண்ணில் தெரிந்தது. ஒரு மனுஷிக்கு இவ்வளவு கோபம் இருக்குமா? இது என்னுடையதுதானா? காத்தாயிதான் உள்ளே உட்கார்ந்திருக்கிறாளோ? என்னை நானே நம்ப முடியாமல் போனேன். அதைவிடப் பெரிய பயம் எனக்குத் தெரியாது.

ஆடி வெள்ளிக்கிழமை உச்சிவேளை. தோட்டத்து அம்மன் கோயில். கிள்ளானிலிருந்து ஒரு பூசாரியைக் கங்காணி கூட்டி வந்திருந்தான். என் தலைமுடியைப் பிரித்து மரத்தில் கட்டினார்கள், கைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். என் கால்களைப் பிடித்துக்கொண்டவர் யார் தெரியுமா? என் புருஷன். மூக்குக்குக் கீழே மிளகாய்ப் புகை போட்டார்கள். கண் அவிந்துவிடும் போல எரிந்தது. பூசாரி பிரம்பை எடுத்தான்.

"யாருடி நீ? உள்ள இருக்கிறது யாரு? பேரச் சொல்லு!"

முதுகில் விழுந்தது. தோளில் விழுந்தது. ரவிக்கை கிழிந்து தோலும் கிழிந்தது. கேள்வி மாறவே இல்லை. உள்ளங்கையில் சூடத்தை வைத்துக் கொளுத்தினான். என் சதை கருகும் நாற்றம் எனக்கே வந்தது.

"காத்தாயிதானே? சொல்லுடி, விட்டுடறேன்!"

காத்தாயி என்று ஒரு வார்த்தை சொன்னால் அடி நிற்கும். எனக்கு அது தெரியும். பேய் இறங்கிவிட்டது என்று முடியைக் கத்தரித்து மரத்தில் ஆணி அடிப்பார்கள், வீட்டுக்குக் கூட்டிப் போவார்கள். அதோடு கங்காணி என்னைத் தொட்டதும் பொய்யாகிவிடும். நான் அடித்ததும் பொய்யாகிவிடும். சாகும்வரை பேய் பிடித்தவளாக, அவன் கூப்பிடும்போது தலை குனிந்து போகிறவளாக இருப்பேன். சொல்லாவிட்டால் அங்கேயே செத்துப்போவேன்.

அப்போதுதான் கும்பிட்டேன். கையைக் கட்டியிருந்தார்கள், மனசால் கும்பிட்டேன். "தாயே, அவள் உள்ளே இருந்தால் எனக்குக் காட்டு. இல்லை என்றால் யார் இருக்கிறது என்று காட்டு. காட்டாவிட்டால் இப்போதே என் உயிரை எடுத்துக்கொள்." வேண்டுதலா அது? சண்டை.

கண்ணைத் திறக்க முடியாது. ஓட முடியாது. போக இருந்த ஒரே இடம் உள்ளேதான். போனேன்.

முதலில் வலி இருந்தது. உற்றுப் பார்த்தேன். அது காத்தாயி இல்லை, வெறும் வலி. அதற்குள்ளே பயம். அதையும் பார்த்தேன். அதற்கும் உள்ளே கோபம், ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டுக் காயவைக்கிற புகைவீடு மாதிரி அனலாக நின்றது. அவள் ஒளிந்திருந்தால் இங்கேதான் இருப்பாள் என்று அதற்குள்ளேயே நுழைந்தேன். அங்கேயும் யாரும் இல்லை. கோபம் என்னுடையதுதான். பிறகு ஒரு கேள்வி தானாக வந்தது. வலியைப் பார்த்தேன், பயத்தைப் பார்த்தேன், கோபத்தைப் பார்த்தேன். இத்தனையையும் பார்க்கிறது யார்?

அந்தக் கேள்விக்கு முன்னால் எல்லாம் நின்றுவிட்டது. பார்த்துக்கொண்டிருந்த அதற்கு முகம் இல்லை, பேர் இல்லை. அது அழவில்லை. அதன் மேல் பிரம்பு விழவில்லை. பக்கத்து வீட்டில் துணி துவைக்கிற சத்தம் மாதிரி அடி எங்கேயோ கேட்டுக்கொண்டிருந்தது. நான் பிறந்ததிலிருந்து அது அங்கேயே இருந்திருக்கிறது. நான்தான் ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை. அம்மனே அங்கே அமர்ந்திருந்தாள் என்று சொல்வேன். அது நான்தான் என்றும் சொல்வேன். இரண்டும் எனக்கு ஒன்றாகத்தான் தெரிந்தது.

கண்ணைத் திறந்தேன். எரிச்சல் இருந்தது, பயம் இல்லை.

"பேரச் சொல்லுடி!"

"அஞ்சலை," என்றேன். "நல்லாத் தேடிப் பாத்துட்டேன். உள்ள காத்தாயி இல்ல. கங்காணிய அடிச்சது நான்தான். எதுக்கு அடிச்சேன்னு அவனையே கேளு."

"பேய் பொய் சொல்லுது! அடிங்க பூசாரி!" என்று கத்தினான் கங்காணி.

பூசாரி பிரம்பை ஓங்கினான். கூட்டத்திலிருந்து காத்தாயியின் தங்கை பொன்னாயி பாய்ந்து வந்து அதைப் பிடித்துக்கொண்டாள். கங்காணியைப் பார்த்துக் கேட்டாள்.

"எங்க அக்காவ ஏன்டா இழுக்கிற? உசிரோட இருந்தப்ப நீ இழுத்தது பத்தாதா?"

கூட்டத்தில் ஒருத்தி, "என்னையும்," என்றாள். இன்னொருத்தி வாளி தூக்கும் கம்பை எடுத்தாள். பெண்கள் எல்லாரும் அவன் மேல் விழுந்தார்கள். மண்டை உடைந்தது, கை ஒடிந்தது. ஆண்கள் பார்த்துக்கொண்டு நின்றார்கள். என் புருஷன் கை அப்போதுதான் என் காலை விட்டது. பொன்னாயி உளியால் என் கைக்கட்டையும் முடியையும் அறுத்து என்னை விடுவித்தாள். அந்த உளி என் கைக்கு வந்தது. கங்காணி என் காலடியில் கிடந்தான். கழுத்து தெரிந்தது.

சகோதரிகளே, அறுத்திருப்பேன். கோபம் அறு அறு என்றது. ஆனால் அதைச் சற்றுமுன் நேருக்கு நேர் பார்த்துவிட்டு வந்தவள் நான். அது என்னிடம் இருக்கிறது, என் எஜமான் அது இல்லை. உளியைக் கீழே போட்டேன். அவன் முகத்தில் துப்பினேன். அதோடு வந்துவிட்டேன். அம்மன் என்னை அடியிலிருந்து காப்பாற்றியது ஒன்று, தூக்குக் கயிற்றிலிருந்து காப்பாற்றியது இன்னொன்று.

துரை அவனை விரட்டினார். என்னைக் கலகக்காரி என்று சொல்லி எங்கள் இரண்டு பேரையும் விரட்டினார். டவுனுக்கு, பிரிக்பீல்ட்ஸுக்கு வந்தோம். புருஷனுக்கு ரயில்வேயில் கூலி வேலை கிடைத்தது. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டதில்லை. ஆனால் புண் ஆறும்வரை தினமும் என் முதுகுக்கு எண்ணெய் போட்டது அவர்தான். கங்காணியை நான் மன்னிக்கவில்லை, மன்னிக்கப் போவதும் இல்லை.

காலையில் அடுப்பு மூட்டுவதற்கு முன்னால் அம்மன் விளக்கெதிரே உட்கார்ந்து உள்ளே பார்க்கிறேன். சில நாள் அரிசி தீர்ந்துபோன கவலைதான் கண்ணில் படும். சில நாள் கோபம் வாசலிலேயே நிற்கும். தள்ளிவிட்டுப் போவதில்லை, பார்த்துவிட்டுப் போகிறேன். உள்ளே இருந்து பார்க்கிறதே, இங்கே பஜனை மடத்தில் பேசுகிறவர்கள் அதற்கு ஆத்மா என்று பேர் சொன்னார்கள். சரி, அதுதான் பேர் என்றால் இருக்கட்டும்.

நீங்களும் உட்கார்ந்து பாருங்கள். ஒருவன் அடித்துக் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம், அம்மன் கேட்டால் காட்டுவாள். உங்கள் லயத்தில் எந்தப் பெண்ணுக்காவது பேய் பிடித்திருக்கிறது என்று சொன்னால், பூசாரிக்கு ஆள் அனுப்பாதீர்கள். அவளை என் வீட்டுக்குக் கூட்டி வாருங்கள். முதலில் அவளுக்குச் சோறு போடுகிறேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு, உன்னைத் தொட்டவன் யார் என்று கேட்கிறேன்.