கடைசிக் கூறு

என் அம்மா தச்சநல்லூர்ச் சந்தையில் மீன் விற்கிறாள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். குளிர்சாதனத் தொழில் படித்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் குளிர்பெட்டிகள் செய்யும் ஒரு சிறிய நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். அப்படி ஒரு பெட்டியைச் சோதனைக்காகச் சந்தையில் வைக்க வேண்டும் என்று பேச்சு வந்தபோது, யாரும் கேட்பதற்கு முன்பே என் அம்மா உட்காரும் இடத்தைச் சொன்னேன். அன்றைக்கு இருந்த பெருமை இன்றும் எனக்குக் குறையவில்லை. பெட்டியைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

பெட்டி வருவதற்கு முன்னால் அம்மாவின் நாள் ஐஸோடு ஒரு ஓட்டப்பந்தயம். விடியற்காலையில் கடற்கரையிலிருந்து வேனில் மீன் வந்து இறங்கும். உச்சி வெயிலுக்குள் தெர்மாகோல் பெட்டியில் இருக்கும் ஐஸில் பாதி தண்ணீராகிவிடும். ஐஸில் கிடந்து கிடந்து அவள் விரல் நுனிகள் வெடித்திருக்கும். சாளை மாதிரிச் சின்ன மீன்களை எங்கள் பக்கம் எடை போடுவதில்லை. சாக்கின் மேல் கூறு கூறாகக் குவித்து வைத்து விற்போம். பொழுது சாயும்போது விற்காமல் மிஞ்சியதையெல்லாம் சேர்த்து அம்மா ஒரே கூறாக வைப்பாள். அந்தக் கடைசிக் கூறை வேறு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். அதற்கென்று வருகிறவள் ஒருத்திதான்.

அவள் பீடி சுற்றுகிறவள். சாயங்காலம் பீடிக்கடையில் சுற்றிய பீடியைக் கொடுத்துவிட்டு, காலிக்கூடையோடு அம்மாவிடம் வருவாள். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது. அம்மா கடற்கரையிலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள், ஞாயிற்றுக்கிழமை தவறாமல் மாதா கோயிலுக்குப் போய்ப் பூசை காண்பவள். அவளோ ஆற்றங்கரைத் தெருக்காரி, அம்மன் கொடைக்கு முளைப்பாரி எடுப்பவள். சொந்தம் ஒன்றும் கிடையாது. ஆனாலும் மதினி முறை வைத்து, ஒருத்தியை ஒருத்தி மயினி என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

"என்னட்டி, பொணத்தக் கெடத்துன மாதிரி கெடத்தி வச்சிருக்க?" என்று அவள் ஆரம்பிப்பாள்.

"கண்ணத் தொறந்து பாரு மயினி. இன்னைக்கு விடியக்காலம் புடிச்ச சாளை."

"எந்த வருசத்து விடியக்காலம்?"

ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்து அம்மாவின் மூக்குக்கு நேரே நீட்டுவாள். "வெளுத்துக் கெடக்கு பாரு. பூனகூட மோந்துட்டு மொகத்தத் திருப்பிக்கிடும். நான் எடுக்கலேன்னா நீதான் வாய்க்கால் வரைக்கும் சொமக்கணும்."

"அப்ப சும்மா கொண்டுக்கிட்டுப் போ."

"சும்மா திங்க நான் என்ன ஒன் மாமியாளா?"

கடைசியில் அவள் சொன்ன விலைதான் நிற்கும். அதன்பிறகு கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து, தெருவிளக்கு எரிகிற வரைக்கும் இருவரும் பேசிக்கொண்டிருப்பார்கள். அப்பா இறந்த பிறகு அம்மா வாய்விட்டுச் சிரித்தது அந்த நேரத்தில் மட்டும்தான். வீட்டில் என்னிடம் அவள் அப்படிச் சிரித்ததில்லை.

பெட்டி வந்தது. சந்தைக் கொட்டகையின் கூரையில் தகடு பதித்தோம். பகல் வெயிலில் பெட்டி ஓடும்போதே அதன் உட்சுவர்களில் இருக்கும் கலவை குளிர்ந்து உறைந்துவிடும். இரவு முழுக்க மின்சாரம் இல்லாமலே குளிர் நிற்கும். முதல் நாள் வைத்த மீன் மறுநாள் காலையில் விறைப்பாக, கண் மங்காமல் இருந்தது. அம்மா அதை எடுத்து வளைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்துக் கடைக்காரர்களிடம், "எம் மவ செஞ்சது" என்றாள். நான் ஒருத்தி செய்ததல்ல. திருத்தவும் எனக்கு மனம் வரவில்லை. ஐஸ் செலவு நின்றது, தெர்மாகோல் நின்றது, வாய்க்காலில் மீன் கொட்டுவது நின்றது. அம்மாவின் விரல்கள் ஆறின.

பெட்டி வந்த முதல் சாயங்காலம் மயினி வந்தபோது நானும் அங்கே இருந்தேன். சாக்கு காலியாகக் கிடந்தது. அம்மா ஆசையோடு பெட்டியைத் திறந்து ஒரு கை சாளையை அள்ளி நீட்டினாள். அவள் வழக்கம்போலச் செவுளைத் திறந்தாள். ரத்தச் சிவப்பு. அடுத்த மீனைத் திறந்தாள். அதுவும் அப்படித்தான்.

"என்ன வெல?"

"எப்பவும் குடுக்கிறதக் குடு மயினி."

"இது நாளைக்கு முழு வெலைக்கு விக்கிற மீனுல்லா?"

"அதுக்கென்ன? நீ கொண்டுபோ."

அவள் மீன்களை ஒவ்வொன்றாகத் திரும்பப் பெட்டிக்குள் வைத்தாள். "வீட்டுல இன்னைக்கு ரசம் வச்சிட்டேன்" என்றாள். கூடையைக் கவிழ்க்காமல் இடுப்பில் வைத்துக்கொண்டு போனாள். அதன்பிறகு வரவில்லை.

பெட்டி இருப்பதால் அம்மா முன்னைவிடச் சீக்கிரம் வீடு திரும்பலாம். திரும்பவில்லை. பீடிக்கடைப் பக்கம் பார்த்தபடி இருட்டும்வரை உட்கார்ந்திருந்தாள். சில வாரம் பார்த்துவிட்டு, ஒருநாள் கொஞ்சம் சாளையைக் கட்டி என்னிடம் கொடுத்தனுப்பினாள்.

மயினி தன் வீட்டில், மடியில் சுளகை வைத்துப் பீடி இலை நறுக்கிக்கொண்டிருந்தாள். சின்ன வயதிலிருந்து என்னை "ஏ குட்டி" என்று கூப்பிட்டவள், எழுந்து நாற்காலி எடுத்துப் போட்டாள். கடுங்காப்பி கொடுத்தாள். மீனையும் வாங்கிக்கொண்டாள். ஏன் சந்தைப் பக்கம் வருவதில்லை என்று கேட்டேன்.

"நல்ல மீனு வாங்க எனக்கு வக்கில்ல. மட்ட மீனு ஒங்க அம்மாட்ட இல்ல. பின்ன அங்கன வந்து என்னத்தப் பேச?"

நான் கிளம்பும்போது கொல்லையிலிருந்து ஒரு கட்டு முருங்கைக்கீரை ஒடித்துக் கையில் திணித்தாள். "அம்மாவக் கேட்டேன்னு சொல்லுங்க" என்றாள்.

கீரையைப் பார்த்ததும் அம்மாவின் முகம் செத்துப்போனது. "மீனுக்குக் கீரைன்னு நேர் பண்ணிட்டா" என்றாள். இரவு அதை ஆய்ந்து சமைத்தாள். தட்டில் போட்டுக்கொண்டு வெகுநேரம் பிசைந்துகொண்டே இருந்தாள்.

அடுத்த வாரம் வேலை முடிந்து அம்மாவைக் கூட்டிவர சந்தைக்குப் போனேன். வெயிலில் துவண்ட ஒரு கூறு சாளை சாக்கின் மேல் கிடந்தது. ஈ மொய்த்தது. பக்கத்திலேயே பெட்டி, பாதி காலியாக.

"இது ஏம்மா வெளிய கெடக்கு?"

"கெடக்கட்டும். நீ பேசாம இரு."

பீடிக்கடை அண்ணாச்சி மூலமாக அம்மா வரச் சொல்லி அனுப்பியிருக்கிறாள் என்பது பிறகுதான் எனக்குப் புரிந்தது, தூரத்தில் மயினி வருவதைப் பார்த்தபோது. அம்மா முந்தானையைச் சரிசெய்துகொண்டாள்.

மயினி குனிந்து ஒரு மீனை எடுத்துச் செவுளைத் திறந்தாள். வெளுத்திருந்தது. அவள் வாய் திறப்பதற்காக நானும் காத்திருந்தேன். அவள் பெட்டியைப் பார்த்தாள்.

"பெட்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று அம்மா சொல்லியிருக்கலாம். அவளுக்கு அந்தப் பொய் வரவில்லை.

"எனக்காவ வெளிய போட்டியா?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"ஏட்டி, புத்தி கெட்டவளே. மிஞ்சிப் போனத எடுப்பேன். எனக்குன்னு அழுக வச்சத எப்படிட்டி எடுத்துட்டுப் போவேன்?"

"ஒரு வெல சொல்லு மயினி. எதாவது ஒரு வெல சொல்லேன்."

மயினி மீனைக் கூறின் மேல் பையத் திரும்ப வைத்தாள். கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, சிறிது நேரம் அம்மாவின் தோளைப் பிடித்தபடி நின்றாள். பிறகு பீடிக்கடைப் பக்கமாகவே நடந்து போய்விட்டாள்.

அம்மா கூறைச் சாக்கோடு சுருட்டி வாய்க்காலுக்குத் தூக்கிக்கொண்டு போனாள். நான் அதைக் கையில் வாங்கப் போனபோது கொடுக்கவில்லை.

மாதக் கடைசியில் அலுவலகத்தில் மீன் சேதம் உண்டா என்று கேட்டார்கள். ஒரு கூறு என்றேன். பெட்டியில் என்ன கோளாறு என்று கேட்டார்கள். கோளாறு ஒன்றும் இல்லை என்றேன். அது உண்மை.