பொறவு?

சிவகாசி அச்சகமொன்றில் முப்பது வருடமாகப் பிழை திருத்தும் ஜெய்லானியிடம் ஓர் அமெரிக்கக் காலண்டர் ஆர்டர் வந்தது. ஐரோப்பிய யூதர்களின் யிட்டிஷ் மொழியிலிருந்து அன்றாட ஆங்கிலத்துக்குள் புகுந்த சொற்கள், நாளுக்கு ஒன்று. வளைய ரொட்டியான 'பேகல்' பிழையின்றிக் கடந்தது. 'நூ' என்ற சொல்லில் பேனா நின்றது. எதிரே இருப்பவரை மேலும் பேசவைக்கக் கேட்பதாம்.

"நம்ம 'பொறவு?'தானே! இதுக்குப் போயி ஒரு காலண்டரா?" என்று எரிந்து விழுந்தார்.

அதைக் கேட்க ஆளில்லை. பிழை பார்க்கையில் மூலப் பிரதியை அவருக்கு வாசித்துக் காட்டிய செல்லச்சாமி இறந்தபின், எதிர் நாற்காலியில் காகிதக் கட்டுகள்தான் இருந்தன.

மதியம் சென்னையிலிருக்கும் மகள் ஹாதியாவுக்குப் போன் செய்தார்.

"சாப்பிட்டீகளாத்தா?" என்று அப்பாவைக் கேட்டாள் அவள்.

"சாப்பிட்டேம்மா. பொறவு?"

"ஒண்ணுமில்லத்தா. வச்சிரட்டா?"