வேன் நின்ற இடம்

நான் ஒன்றாம் வகுப்பு படித்தபோது அப்பா பைக்கிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். விடிவதற்கு முன்பே சிம்மக்கல் பழமண்டிக்குக் கிளம்பிவிடுகிறவர், மாவுக்கட்டோடு கோச்சடை வீட்டில் நாற்காலியே கதியென்று உட்கார்ந்தார். கட்டைப் பிரித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. நடக்காமல் இருந்தால் கால் விறைத்துப்போகும் என்று டாக்டர் எச்சரித்திருந்தார். பேரையூரிலிருந்து பெரிய மாமா வந்து, "மனசு வச்சா நடந்துரலாம் மாப்ள" என்று அரைநாள் பேசினார். பிறகு அவரும் அப்பாவோடு உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்.

அம்மா அறிவுரை எதுவும் சொல்லவில்லை. ஒருநாள் என்னை அடுப்படிக்குக் கூப்பிட்டாள்.

"நாளைலருந்து அப்பா வந்து ஏத்திவிட்டாத்தான் ஸ்கூல் வேன்ல ஏறுவேன்னு அடம் பிடிக்கணும். செய்வியா?"

"செஞ்சா என்ன தருவ?"

"மத்தியானத்துக்குப் பூரியும் கிழங்கும்."

தயிர்சாதத்திலிருந்து தப்பிக்க நான் எதையும் செய்திருப்பேன். மறுநாள் காலை வாசலில் உருண்டு அழுதேன். அப்பா அதட்டினார், கெஞ்சினார். கடைசியில் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி கேட் வரை வந்தார். அதற்குள் சட்டை முழுக்க நனைந்துவிட்டது. ஆனாலும் கேட்டைப் பிடித்துக்கொண்டு எனக்குக் கையாட்டினார்.

கொஞ்ச நாளில் வேன் எங்கள் கேட்டுக்கு வருவதை விட்டுவிட்டது. முதலில் கரண்டுக் கம்பத்தருகே நின்றது, பிறகு துணி தேய்க்கும் வண்டிக்குப் பக்கத்தில். அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று நடந்தார். பாதி வழியிலேயே எனக்கு அலுத்துப்போகும்.

"ஏண்ணே இம்புட்டு தூரத்துல நிப்பாட்டுறீங்க?" என்று வேன்காரரிடம் கேட்டேன்.

"தெருவுல பள்ளம் பாப்பா."

தெருவில் பள்ளம் எதுவும் இல்லை. எனக்குப் பூரி பேசிய அம்மா அவரிடமும் பேசிவைத்திருப்பாள் என்று அந்த வயதில் எனக்குத் தோன்றவில்லை.

ஒருநாள் வேன் மெயின் ரோட்டுக்கே போய்விட்டது. அப்பாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இன்னைக்கு அந்த ஆள நாலு கேள்வி கேக்காம விடுறதில்ல" என்று கிளம்பினார். வழியில் எங்கும் நிற்கவில்லை. சண்டை பார்க்கும் ஆவலில் நானும் ஓட்டமும் நடையுமாகப் போனேன்.

அப்பாவைக் கண்டதும் வேன்காரர் கீழே இறங்கி நின்றார். அப்பா மூச்சு வாங்கியபடி, வந்த வழியைத் திரும்பிப் பார்த்தார். தெருவின் அந்தக் கோடியில் எங்கள் வீட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரர் தலையைக் குனிந்துகொண்டார்.

"நாளைக்கும் இங்கனயே நிப்பாட்டுங்கண்ணே" என்றார் அப்பா, மெதுவாக.

"சரிண்ணே."

அவ்வளவுதான். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்த எனக்கு அழுகை முட்டியது. என் அப்பா போயும் போயும் ஒரு வேன்காரருக்குப் பயந்துவிட்டாரே என்று, பள்ளிக்கூடம் வரும்வரை அவர் முதுகையே முறைத்துக்கொண்டிருந்தேன்.